சாணைக்கல் புகட்டும் பாடம்

கல்வி என்றவுடன் ஏடும் எழுதுகோலுமே நம் நினைவுக்கு வருகின்றன. கையினாலும் கண்ணினாலும் காதினாலும் கற்கப்படும் கல்வியும் உண்டு. அத்தகைய கல்விகளுள் ஒன்று சவரக்கத்தி தீட்டுதல். பிடிக்குள் மடங்கும் அந்த நீண்ட கத்தியைக் கல்லிலே தீட்டி, தோல்வாரிலே பதப்படுத்தி, பச்சிளங் குழந்தையின் தலையிலும் கீறலின்றி ஓடச் செய்வது எளிய செயலன்று. குடாநாட்டின் சவரத் தொழிலாளர் பரம்பரை பரம்பரையாகக் காத்துவந்த இவ்வித்தையின் நுட்பத்தைச் சற்று ஆராய்வோம்.

கல்லின் கதை

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். கிணறு வெட்டும்போது வெளிப்படுவதும் அக்கல்லே. 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாய் உதவியதும் அக்கல்லே. ஆயினும் கத்தி தீட்ட அது பயன்படாது. காரணம் யாது? பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்துக் காட்டும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக் கல்லின் கனிமம் 3 என்ற படியிலே நிற்கின்றது. சவரக்கத்தியின் உருக்கோ ஏறத்தாழ 6. மெல்லியது வல்லியதைத் தேய்க்குமோ? ஆகவே கல்லின் மேலேயே வாழும் நம்மவர்க்கும் சாணைக்கல் வெளியிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

சவரக்கத்திக்கென்றே உலகப் புகழ்பெற்ற கற்கள் சில உள்ளன. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டப்படும் மஞ்சட்கல் அவற்றுள் ஒன்று. கண்ணுக்குப் புலனாகாத சிறு கார்னெட் மணிகள் அதன் உடலெங்கும் விரவிக் கிடக்கின்றன. உருக்கைத் தேய்ப்பவை அவையே. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துக் கல்லும், ஜப்பானிய மலைக் கற்களும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. 1890களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்செசன் என்பார் மின்னுலையிலே காபொரண்டம் என்னும் செயற்கைப் பொருளை ஆக்கியபின், மலிவான சாணைக்கற்கள் உலகெங்கும் பரவலாயின.

கத்தியைப் பொறுத்தவரை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரும் பெயர் பெற்றவை. எனினும் நல்லுருக்கு மேல்நாட்டாருக்கே உரியதென்று எண்ணுதல் தவறு. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவிப் பகுதியில், பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த பழைய உலைகளை ஆய்வாளர் ஜில் ஜூலெப் கண்டறிந்து, அவற்றில் உயர்ந்த உருக்கு ஆக்கப்பட்டமையை 1996 ஆம் ஆண்டு உலகறியச் செய்தார். தமிழகத்துக் கொடுமணலிலும் உருக்குத் தொழிலின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டு உருக்கின் இரகசியத்தை அறிய முயன்றோருள் விஞ்ஞானி மைக்கேல் பரடேயும் ஒருவர். இலண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டொடாட்டுடன் சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சி 1820 இல் வெளிவந்தது. பெரும் விஞ்ஞானி ஒருவர் கத்தி செய்பவரோடு சரியாசனத்தில் அமர்ந்து ஆராய்ந்தார் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க.

தீட்டும் முறை

முதலாவதாகக் கல் சமதளமாக இருத்தல் வேண்டும். பென்சிலால் கல்லின் மீது கட்டம் கட்டமாகக் கோடிட்டு, மற்றொரு சமதளக் கல்லிலே தேய்த்தால், பள்ளமான இடங்களில் கோடுகள் அழியாமல் நிற்கும். அவையும் அழியும்வரை தேய்க்க வேண்டும்.

பின்பு கல்லை நனைத்து, கத்தியை அதன்மேல் படுக்க வைத்தல் வேண்டும். கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொடவேண்டும். இங்குதான் அக்கத்தியை அமைத்தவனின் அறிவு விளங்குகின்றது. சமையற் கத்தியைத் தீட்டுபவர் சாய்வைத் தம் கையாலேயே காக்க வேண்டும். சவரக்கத்திக்கோ தடித்த முதுகே சாய்வை நிர்ணயிக்கின்றது. முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீற்றர், முதுகிலிருந்து வாய்வரை அகலம் 16 மில்லிமீற்றர் என்று கொண்டால், வாயிலே அமையும் கோணம் ஏறத்தாழ 16 பாகை ஆகும். கேத்திர கணிதம் பயிலும் மாணவர் இதைத் தாமே கணித்துப் பார்க்கலாம். தீட்டுந்தோறும் வாயுடன் முதுகும் சிறிது தேய்வதால், ஆண்டுகள் பல கழிந்தாலும் அக்கோணம் பெரிதும் மாறுவதில்லை.

வாய் முன்னோக்கிச் செல்லுமாறு கத்தியைக் கல்லின் வழியே தள்ளுதல் வேண்டும். எல்லையை அடைந்ததும் முதுகை ஊன்றிக் கத்தியைப் புரட்டி, மறுபக்கமாக மீட்டல் வேண்டும். வாயின் மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை வீணாகும். அழுத்துதலும் ஆகாது, இறுதித் தீட்டலுக்குக் கத்தியின் சொந்தப் பாரமே போதுமானது. பழகிய தொழிலாளி கண்ணைக் காட்டிலும் காதையே நம்புவார். வாய் முழுவதும் ஒருசீராகக் கல்லில் படிந்தால் ஓசையும் ஒருசீராக எழும்.

கற்களுக்கும் வரிசை உண்டு. இக்காலச் செயற்கைக் கற்கள் 1000, 4000, 8000 என இலக்கமிடப்பட்டுள்ளன. இலக்கம் உயர உயர மணிகள் நுண்மையாகும். முன்னைய கல் விட்ட கீறல்களைப் பின்னைய கல் நீக்கும். கீழ்வகுப்பில் தேறாதவன் மேல்வகுப்பில் தத்தளிப்பதுபோல, முதற் கல்லில் வாய் சரியாக அமையாத கத்தி எட்டாயிரத்திலும் திருந்தாது.

இறுதியாகத் தோல்வார். இங்கே முறை தலைகீழாகும். முதுகு முன்னும் வாய் பின்னுமாகச் செல்லவேண்டும். அன்றேல் வார் அறுந்துபோகும். ஐம்பது அறுபது முறை இவ்வாறு இழுத்தபின், வாயின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிற்கும் குறைந்துவிடும்.

இத்துணை கூரிய உருக்கையும் மென்மையான மயிர் மழுங்கச் செய்வது எங்ஙனம்? மயிர் உருக்கிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. எனினும் உருக்கின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாமையால், மயிர் வளைந்து அழுத்தும் இடத்தில் நுண்ணிய துகள்கள் உடைந்து விழுகின்றன என்று அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் 2020 இல் விளக்கினர். நாள்தோறும் வாரில் இழுப்பதும் காலந்தோறும் கல்லை நாடுவதும் வீண் சடங்கல்ல என்பது இதனால் தெளிவாகும்.

தொழிலும் மதிப்பும்

இத்தகைய வித்தையைக் கைக்கொண்டோரைக் குடாநாட்டுச் சமூகம் எவ்வாறு நடத்தியது? பிறப்பின் சடங்கிற்கும் இறப்பின் சடங்கிற்கும் அவர்களை அழைத்தது. சபையிலே சமமாக இருத்த மறுத்தது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது.

இந்நிலையில் கத்தி பிடித்த கையே பேனாவும் பிடித்த வரலாற்றை நாம் மறத்தலாகாது. 1927 இல் பிறந்த டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த குடும்பச் சவரச்சாலையிலே தொழில் செய்தவர். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ சஞ்சிகை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்து, ஈழத்து எழுத்தாளர் பலருக்குக் களமாயிற்று. 2021 இல் மறையும்வரை தம் தொழிலை அவர் மறைத்தாருமல்லர், அதற்காக நாணினாருமல்லர்.

1903 இல் கிங் ஜில்லெட் விற்பனைக்குக் கொணர்ந்த மெல்லிய அலகு, வீடுகளிலிருந்து பழைய கத்தியை மெல்ல விலக்கியது. இரத்தத்தின் வழியே பரவும் நோய்களை அஞ்சி, சவரச்சாலைகளிலும் ஒருவருக்கு ஒன்றென அலகை மாற்றும் வழக்கம் வந்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் சாணைக்கல்லின் வேலை முடிந்துவிடவில்லை. தச்சனின் உளியும் அடுக்களைக் கத்தியும் இன்றும் அதனை வேண்டி நிற்கின்றன. ஆர்வமுள்ள இளைஞர் அடுக்களைக் கத்தியிலிருந்து, பெரியோர் அருகிருக்க, இவ்வித்தையைத் தொடங்கலாம். ஊரிலே பழைய கத்தியையும் கல்லையும் இன்னும் பேணி வைத்திருக்கும் முதிய தொழிலாளி எவரேனும் இருப்பின், அவரிடம் மாணவராகச் சென்று பணிவுடன் கேட்டறிதல் சாலச் சிறந்தது. அவர் அறிந்தவற்றுட் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை.