நீருக்குள் மெய்நிகர் விண்வெளி

மெய்நிகர்க் கருவியைக் கண்களில் அணிந்தால் விண்வெளி தெரியும். கால்களோ தரையை உணரும். நீரில் மூழ்கினால் உடலும் மிதக்குமல்லவா? அமெரிக்காவின் ஹூஸ்டனில் விண்வெளி வீரர்கள் விண்நடைக்கு 12 மீட்டர் ஆழக் குளத்தில்தான் பயிற்சி பெறுகின்றனர்.

ஆனால் நீர் சில சிக்கல்களை உண்டாக்குகிறது. கருவியின் வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே நீர் புகுந்தால் காட்சி மங்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணின் கார்னியாவுக்கும் ஏறத்தாழ அதே அளவு. ஆகவே ஒளி போதிய அளவு வளைவதில்லை. அங்கே காற்று இருந்தாக வேண்டும். கைப்பிடிக் கருவியின் புளூடூத் அலைகளை நீர் உறிஞ்சிவிடும். கம்பி வழியே இணைக்க வேண்டும். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. எனவே கையை வேகமாக வீச முடியாது.

உடல் மிதந்தாலும் உட்செவி புவியீர்ப்பை உணர்ந்துகொண்டே இருக்கும். அதை எந்தக் குளமும் ஏமாற்ற இயலாது!