மாசமாக இருப்பவரிடம் யாரும் கேட்காத கேள்வி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்த மாவட்டத்தின் கல்வராயன் மலையை ஒட்டித்தான் தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலை கிடக்கிறது. ஆனாலும் இந்தப் பக்கம், ‘நம்ம ஊர்ப் பொம்பளைங்க குடிக்க மாட்டாங்க’ என்ற பேச்சு மாறவில்லை.

தமிழ்நாட்டில் 15 வயது தாண்டிய பெண்களில் 0.3 சதவீதம் பேர்தான் குடிக்கிறார்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆண்களில் 25.4 சதவீதம். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது கேட்டால் எந்த மருமகள் ‘ஆமாம்’ என்பாள்? செங்கல் சூளையிலும் பெங்களூரு கட்டட வேலையிலும் பகலெல்லாம் சுமந்துவிட்டு, உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போடும் பெண்கள் இருக்கிறார்கள். சளிக்கு பிராந்தி ஊற்றிக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இது என்ன செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

அம்மா குடித்தது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்துக்குப் போய்விடும். அம்மாவின் ஈரல் அதை முறித்து வெளியேற்றும். பிள்ளையின் ஈரலுக்கு அந்தப் பக்குவம் வந்திருக்காது. பனிக்குட நீரிலும் அது தங்கும். முதல் மூன்று மாதத்தில் முகமும் உறுப்புகளும் உருவாகின்றன. மூளையோ பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் ‘இந்த மாதம் குடிக்கலாம்’ என்று ஒரு மாதம் கிடையாது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் தட்டையாகி, மேலுதடு மெலிந்து, கண் சிறுத்துப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி 1973-ல் ‘லான்செட்’ இதழில் எழுதி, இந்தப் பாதிப்புக்குப் பெயரும் வைத்தவர்கள் சியாட்டிலின் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும். பல பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது. பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும்: கணக்கு ஏறாது, சொன்னது நிற்காது, ஓரிடத்தில் உட்காராது. ‘வாலு’ என்று அடி வாங்கும்.

‘பீர்தானே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டிலில் சுத்தமான ஆல்கஹால் 32 மி.லி.க்கு மேல் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தியில் 90 மி.லி. கட்டிங் என்றால் 38 மி.லி.க்கு மேல். பெரிய வித்தியாசம் இல்லை.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டு மது பாட்டில்களில் எச்சரிக்கை கட்டாயம். உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்கிறது அது. வண்டி ஓட்டுபவனுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது, கர்ப்பிணிக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1989-லிருந்தே கர்ப்பிணிக்கான அந்த வரி பாட்டிலில் இருக்கிறது.

மாசமாக இருப்பது தெரியாமல் குடித்துவிட்டீர்களா? பயந்துகொண்டு கலைக்க நாட்டு மருந்து தேடாதீர்கள். இன்றைக்கு நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லதுதான். கிராம சுகாதார செவிலியரைத் தனியாகப் பார்த்து, ‘நர்சம்மா, தெரியாம குடிச்சிட்டேன்’ என்று சொன்னால் போதும். எப்போது, எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், வலிப்பு வரலாம். அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அந்தச் சிகிச்சை யாரும் போடும் பிச்சையல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் நோயாகவே ஏற்கிறது. அரசுச் சிகிச்சை பெறவும், விவரம் வெளியே போகாமல் இருக்கவும் உரிமை தருகிறது. மனநல மையத்தில் தாய் சேர்ந்தால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கர்ப்பிணி குடித்தாள் என்பதற்காகவே தண்டிக்கும் சட்டம் நாட்டில் இல்லை. கணவன் குடித்துவிட்டு அடித்தாலோ, குடிக்கச் சொல்லி வற்புறுத்தினாலோ 181-ஐ அழைக்கலாம். குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் பேச 14416. மருத்துவ ஆலோசனைக்கு 104.

ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். 18 வயது வரை பரிசோதனை இலவசம். மாசமாக இருந்தபோது குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் டாக்டரும் அந்தப் பிள்ளையை ‘மந்தம்’ என்று எழுதி அனுப்பிவிடக்கூடும்.