பிரேக் எண்ணெய்: பெயரும் பொருளும்

எள்ளின் நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. பின்னர் அச்சொல் தன் பிறப்பை மறந்து, தேங்காய்க்கும் ஆமணக்குக்கும் வேப்பங்கொட்டைக்கும் பொதுவாயிற்று. நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் பொருளையும் 'மண்ணெண்ணெய்' எனத் தன்பால் சேர்த்துக்கொண்டது. சொல் இவ்வாறு பொருள் விரிவது மொழிக்கு வளமே. ஆயினும், ஓரிடத்தில் இவ்விரிவு உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். அவ்விடம், காரின் பானட்டைத் தூக்கினால் ஓட்டுநர் பக்கமாகப் பெரும்பாலும் காணப்படும் ஒரு சிறு கலமாகும். அதில் உள்ளதைப் பட்டறைகளில் 'பிரேக் எண்ணெய்' என்பர். மலாய் மொழியினரும் 'மிஞ்ஞாக் பிரேக்' என எண்ணெயாகவே வழங்குவர். ஆனால் இன்று பெரும்பாலான கார்களில் அக்கலத்தில் உள்ளது எண்ணெய் அன்று.

பெயர் வந்த வரலாறு

நீர்மத்தின் வழியாகச் சக்கரங்களை நிறுத்தும் முறைக்கு அமெரிக்கரான மால்கம் லாக்கீடு என்பார் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் வெளிவந்த டியூசன்பர்க் கார், நான்கு சக்கரங்களுக்கும் இம்முறையைக் கொண்டிருந்தது. தொடக்க காலத்தில் வழங்கிய நீர்மங்களுள் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த கலவையும் ஒன்று. மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் இயற்கை இரப்பரை உப்பச்செய்து கெடுத்துவிடும்; ஆமணக்கெண்ணெய் அவ்வாறு கெடுப்பதில்லை. எனவே அக்காலத்தில் 'எண்ணெய்' என்ற பெயர் பொருந்தியே இருந்தது. பின்னர்க் கலவை மாறியது, பெயர் மாறவில்லை. இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த செயற்கை நீர்மமாகும். அது நீருடன் கலக்கும்; எண்ணெய் கலவாது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே அதன் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

கால் அழுத்தம் சக்கரத்தை அடையும் விதம்

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பிரஞ்சு அறிஞர் பாசுகல் விளக்கினார். பிரேக்கின் அடிப்படை இதுவே. சான்றாக, ஓட்டுநர் மிதியை 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோலாதலால் அவ்விசை நான்கு மடங்காகி, 80 கிலோவாகத் தலைமை உருளையின் உந்துதண்டை அடைகிறது. அதன் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் எனின், சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் உண்டாகும். சக்கரத்தருகே உள்ள உந்துதண்டின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டராயின், அங்கே 400 கிலோ விசை பிரேக் கட்டையைத் தட்டின்மேல் இறுக்கும்.

இவ்வளவும் நிகழ்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இடையிலுள்ள பொருள் அழுத்தத்தால் சுருங்கக்கூடாது. நீர்மம் சுருங்குவது மிகமிகக் குறைவு; காற்றும் ஆவியும் எளிதில் சுருங்கும். குழாய்க்குள் ஆவி புகுந்தால், ஓட்டுநரின் மிதியானது பஞ்சை அழுத்தியது போல ஆவியைச் சுருக்குமேயன்றிச் சக்கரத்தை இறுக்காது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பிரேக், ஓட்டத்தை அழிப்பதில்லை; அதை வெப்பமாக மாற்றுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் ஒருமுறை முழுதும் நிறுத்தப்பட்டால் பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே கார் கேமரன் மலையின் தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலோ, 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவல்லது. இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் எஞ்சினும் ஏற்கும். எஞ்சிய அனைத்தும் பிரேக்கையே சாரும். தட்டும் கட்டையும் சூடேற, அச்சூடு உந்துதண்டின் வழியே நீர்மத்தைத் தாக்குகிறது.

புதிய நீர்மம் இச்சூட்டைத் தாங்கும். 'டாட் 3' என்னும் வகை குறைந்தது 205 பாகை செல்சியசு வரையும், 'டாட் 4' வகை 230 பாகை வரையும் கொதியாமல் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. ஆனால் அது காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மழைக்காலத்தில் மூடிவைத்த சாடியிலும் உப்பு கசிவதைப் போன்றதே இது. இரப்பர்க் குழாயின் நுண்துளைகள் வழியாகவும் கலத்தின் மூடி வழியாகவும் ஈரம் நுழைகிறது. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில், அவ்விதி டாட் 3 வகைக்கு 140 பாகையையும் டாட் 4 வகைக்கு 155 பாகையையுமே கேட்கிறது. அஃதாவது, சிறிதளவு நீர் எழுபது பாகையளவு பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது. ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இது கருதத்தக்கதாகும்.

அவ்வாறாயின், ஈரத்தை ஏற்காத நீர்மத்தையே ஊற்றலாகாதா எனின், அதிலும் ஓர் இடர் உண்டு. 'டாட் 5' என்னும் சிலிக்கோன் வகை ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் எவ்வழியாகவேனும் உட்புகுந்த நீர், அதில் கலவாமல் தனித்துளியாய்த் தாழ்ந்த இடத்தில் தங்கும். அந்நீர் 100 பாகையளவிலேயே கொதிக்கும். இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும். கிளைக்கால் வகை நீரைத் தன்னுள் பரப்பிவிடுவதால் அத்தீங்கு சிறிது காலம் தடுக்கப்படுகிறது. ஈரம் உறிஞ்சுதல் அதன் குறையும் ஆகும், காவலும் ஆகும்.

மறையும் சான்று

இதில் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மலையிறங்கும்போது காற்று வீசிப் பிரேக்கைக் குளிர்விக்கிறது. அடிவாரத்தில் குடும்பத்தார் தேநீர் பருக வண்டியை நிறுத்தியதும் அக்காற்று நின்றுவிடுகிறது. தட்டிலுள்ள சூடு மெல்ல நீர்மத்துள் ஏறுகிறது. அப்போது பழைய நீர்மம் கொதித்து ஆவியாகலாம். மீண்டும் புறப்பட்டு முதல் வளைவில் மிதியை அழுத்தினால், அது தரை வரை தாழும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலோ ஆவி குளிர்ந்து மீண்டும் நீர்மமாகியிருக்கும். மிதியும் உறுதியாக இருக்கும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஓட்டுநர் சொல்வதை எவரும் நம்பார். குற்றம் செய்த பொருள் தன் சுவட்டைத் தானே அழித்துவிடுகிறது. ஆகவே, மிதி ஒருமுறை தாழ்ந்தாலும், பின்னர்ச் சரியாயிற்று என்று விட்டுவிடலாகாது.

பராமரிக்கும் முறை

கலத்தில் மேற்கோடு, கீழ்க்கோடு என இரண்டு உண்டு. நீர்மம் இவற்றிடையே நிற்க வேண்டும். மட்டம் பல மாதங்களில் சிறிது சிறிதாகத் தாழ்வது பிரேக் கட்டை தேய்வதன் அறிகுறி. திடீரெனத் தாழ்ந்தால் கசிவு உண்டென்று பொருள். இரண்டிலும் காரணத்தை அறியாமல் மேலும் ஊற்றி நிரப்புவது நோயை மறைப்பதாகும்.

மட்டம் சரியாக இருப்பதால் நீர்மம் நன்றாக உள்ளது என்று கொள்ளலாகாது. புதியது வெளிர்மஞ்சளாய் இருக்கும், பழையது கருக்கும். ஆயினும் நிறம் மட்டும் ஈரத்தின் அளவைக் காட்டாது. பட்டறைகளில் அதனை அளக்கும் கருவி உண்டு. காரின் கையேடு கூறும் கால அளவில் முழுவதையும் மாற்றுவதே முறை. பல நிறுவனங்கள் ஈராண்டுக்கு ஒருமுறை என்கின்றன. மாற்றும்போது குழாயில் புகுந்த காற்றை முற்றும் வெளியேற்ற வேண்டும். வடித்த நீர்மத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. திறந்த புட்டியை நெடுநாள் வைத்திருந்து ஊற்றுவதும் தவறு. அது அலமாரியிலேயே ஈரத்தைப் பருகியிருக்கும்.

மூடியில் எழுதிய வகையையே ஊற்ற வேண்டும். டாட் 5 வகையை மற்றவற்றுடன் கலத்தல் கூடாது. 'எண்ணெய்' என்ற பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால், பிரேக்கின் இரப்பர் வளையங்கள் உப்பிக் கெடும். அவற்றையெல்லாம் மாற்ற நேரும். காரின் வண்ணப்பூச்சில் பிரேக் நீர்மம் சிந்தினால் பூச்சு கரையும். உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும்.

மலையிறங்குவோர் தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினையே தடையாகக் கொள்ளுதல் நன்று. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்குவது நீர்மத்தை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். மிதி தாழ்ந்துவிடின், விரைந்து பலமுறை மிதித்தும், கியரைக் குறைத்தும், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தும் வேகத்தைத் தணிக்கலாம். கம்பியால் இயங்கும் கைப்பிரேக்குக்கு இந்நீர்மத்தின் உதவி வேண்டுவதில்லை.

வழக்கில் ஊன்றிய பெயரை இனி மாற்றுதல் எளிதன்று. மாற்ற வேண்டுவதும் இல்லை. பெயர் எண்ணெயாக இருந்தாலும் பொருள் வேறென்று வண்டியுடையோர் அறிந்து, உரிய நாளில் அதனை மாற்றினால், மலைச்சரிவின் வளைவில் மிதி காலைக் கைவிடாது.