அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? திருவெள்ளறையிலிருந்து ஒரு கேள்வி

போன வாரம் அக்கா போன் பண்ணா. அவ இருக்கறது திருவெள்ளறையில. திருச்சியிலிருந்து துறையூர் போற ரோட்டுல, ஸ்வஸ்திக் கிணறு பாக்க பைக்ல போயிருப்பீங்களே, அந்த ஊர். பையன் அஞ்சாவது முடிக்கிறான். ஆறாவதுக்கு மண்ணச்சநல்லூர் அரசு மேல்நிலைப்பள்ளியா, இல்ல தினமும் பஸ் ஏத்தி ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பறதா? "எது நல்ல ஸ்கூல், நீயே சொல்லு"ன்னு கேட்டா.

நான் திருப்பிக் கேட்டது, அது யாரோட ஸ்கூல்னு. ஜோசப் காலேஜ் ஸ்கூல், பிஷப் ஹீபர், எழுத்தாளர் சுஜாதா படிச்ச ஸ்ரீரங்கம் பாய்ஸ் ஸ்கூல் எல்லாமே திருச்சியில பேர் பெற்ற பழைய பள்ளிகள். இவை அரசுப் பள்ளிகள் இல்லை, அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. பள்ளியை நடத்துவது ஒரு தனியார் நிர்வாகம். அதே பாடநூல், சத்துணவு, பதினொண்ணாவதுல அதே இலவச சைக்கிள். அதனால வெளியிலிருந்து பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரியறது பன்னிரண்டாவது முடிச்ச பிறகுதான். 2020-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. 2021-ல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்றவங்களோட கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுது. ஆனா பொதுவா ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் கணக்குல வரும். உதவி பெறும் பள்ளி வராது. ஆக, அக்கா இப்ப எடுக்கற முடிவு ஏழு வருஷம் கழிச்சு வர்ற கவுன்சிலிங்குக்கும் சேர்த்துதான்.

மத்த திட்டங்கள் இப்படி இல்ல. கல்லூரிப் பையன்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற தமிழ்ப் புதல்வன் 2024-ல் தொடங்கினப்பவே, உதவி பெறும் பள்ளிகள்ல தமிழ் வழியில படிச்சவங்களையும் சேர்த்துக்கிச்சு. காலை உணவும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போயாச்சு. 7.5 மட்டும் அரசுப் பள்ளி வாசலோட நின்னுடுச்சு. உதவி பெறும் பள்ளியிலயும் படிக்கறது பெரும்பாலும் கூலி வேலை பாக்கறவங்க பிள்ளைங்கதான். எனக்கு இது நியாயமாப் படல.

சரி, அப்ப கண்ணை மூடிக்கிட்டு அரசுப் பள்ளியா? அதுவும் இல்ல. அக்கா தேர்ச்சி சதவீதத்தை எடுத்து வெச்சிருந்தா. 20 பேர் எழுதி ஒருத்தர் தவறினாலும் 95. 200 பேர் எழுதி பத்துப் பேர் தவறினாலும் 95. நடுவுல நின்னுபோன பிள்ளைங்க அந்தக் கணக்குலயே இல்ல. அதைவிட ஆசிரியர் கணக்கு முக்கியம். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறாவது முதல் எட்டாவது வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி, மூணுக்கும் ஆள் இருக்கணும். அப்புறம், 'உயர்நிலை'ன்னா பத்தாவதோட முடிஞ்சுடும், 'மேல்நிலை'ன்னாதான் பிளஸ் டூ. உயர்நிலைல சேர்த்தா பதினொண்ணாவதுக்கு மறுபடி அலையணும்.

பையன் டாக்டராகப் போறேன்னு சொல்லல. பஸ் கண்டக்டர் ஆகணுமாம். இருந்தாலும் கதவை இப்பவே சாத்த வேண்டாம்னுதான் நான் மண்ணச்சநல்லூர் பக்கம். திங்கட்கிழமை அக்கா நேர்ல போறா. பிளஸ் ஒன்ல பயாலஜி குரூப் இருக்கா, எந்தெந்த ஆசிரியர் இடம் காலின்னு கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்.