அடுத்தவர் புது வீடு கட்டினால் மனம் ஏன் சுடுகிறது? தேவதத்தர் கதை சொல்லும் பாடம்

இரவு ஒன்பது மணி. சாப்பிட்டு முடித்துப் போனைக் கையில் எடுத்தால், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சித்தப்பா மகன் புது வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்கிறான். விரல் 'வாழ்த்துகள்' என்று தட்டிவிடுகிறது. கண் மட்டும் வாடகை வீட்டுச் சுவரின் ஈரக்கறைக்குப் போகிறது. ஐந்து நிமிடம் முன்புவரை அதே வீடு நன்றாகத்தான் இருந்தது.

கோடீஸ்வரரின் மாளிகை யாரையும் இப்படிச் சுடுவதில்லை. கூடவே வளர்ந்தவர் ஒரு படி மேலே போகும்போதுதான் சுருக்கென்று தைக்கிறது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு புத்தரின் சங்கத்துக்குள்ளேயே இது நடந்திருக்கிறது.

இருந்ததும் போனது

தேவதத்தர் சாக்கிய குலத்தவர். புத்தருக்கு உறவுமுறையில் சகோதரர். துறவியாகி, தியானத்தில் தேர்ந்து, அபூர்வ ஆற்றல்களும் பெற்றவர். ஆனால், புகழுக்கு ஆசைப்பட்டு மகத இளவரசன் அஜாதசத்ருவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காணிக்கைகள் குவிந்தன. அடுத்து, சங்கத்துக்கே தலைவராக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அது எழுந்த கணமே அவருடைய ஆற்றல் அவரைவிட்டு நீங்கியது என்கிறது விநய பிடகம்.

ராஜகிருகத்தில் பலர் கூடியிருந்த சபையில், சங்கத்தைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி புத்தரிடம் கேட்டார். சாரிபுத்தர், மொக்கல்லானரிடம்கூட ஒப்படைக்கப் போவதில்லை என்று புத்தர் மறுத்துவிட்டார். எல்லோர் முன்பும் அவர்களை உயர்த்தி, தன்னைத் தாழ்த்திவிட்டதாக தேவதத்தர் கறுவினார். மலையிலிருந்து பாறையை உருட்டினார். நாளாகிரி என்ற முரட்டு யானையை ஏவினார். 500 பிக்குகளைப் பிரித்து அழைத்துப் போனார்.

பாறைச் சில்லு புத்தரின் காலில் காயம் ஏற்படுத்தியதோடு சரி. யானை அவர் முன் அடங்கி நின்றது. பிரிந்துபோன பிக்குகளை சாரிபுத்தரும் மொக்கல்லானரும் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். கடைசியில் இழந்தவர் தேவதத்தர்தான்.

கூழாங்கல்லும் உப்பும்

அந்த இருவரின் கதை இதற்கு நேர் எதிர். இளம்வயது நண்பர்களான அவர்கள், மெய்ப்பொருளை யார் முதலில் கண்டாலும் மற்றவருக்குச் சொல்வது என்று பேசி வைத்திருந்தார்கள். புத்தரின் போதனை முதலில் சாரிபுத்தர் காதில்தான் விழுந்தது. நேராக நண்பரிடம் போய்ச் சொன்னார். துறவேற்ற பிறகு மொக்கல்லானர் ஒரே வாரத்தில் ஞானம் பெற்றார். வழிகாட்டிய சாரிபுத்தருக்கோ இரண்டு வாரம் ஆனது.

அதனால் நட்பு குறையவில்லை. இமயத்தின் பக்கத்தில் கிடக்கும் கூழாங்கல் போலத்தான் தான் என்று நண்பரைப் புகழ்ந்தார் சாரிபுத்தர். பானை நிறைய உப்பின் பக்கத்தில் கிடக்கும் சிறு துணுக்குதான் தான் என்று பதிலுக்குப் புகழ்ந்தார் மொக்கல்லானர். சம்யுத்த நிகாயம் சொல்லும் காட்சி இது.

எங்கே தொடங்குவது?

பிறர் மகிழ்ச்சியில் மகிழும் இந்தக் குணத்துக்கு பௌத்தத்தில் 'முதிதை' என்று பெயர். மனத்தை அதட்டினால் இது வராது. பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் 'விசுத்தி மார்க்கம்' எழுதிய புத்தகோசர், இதற்குப் படிகளே வகுத்திருக்கிறார். காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் அவர்.

எடுத்த எடுப்பில், பிடிக்காதவரிடம் தொடங்கக் கூடாது. முதலில், எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் நெருங்கிய நண்பர். அடுத்து, வேண்டியவரும் இல்லாத, வேண்டாதவரும் இல்லாத ஒருவர். கடைசியில்தான் மனத்தை உறுத்துபவர்.

இன்றைய வாழ்க்கையில் என்றால், முதலில் உயிர்த்தோழியின் மகளுக்கு வேலை கிடைத்ததை நினைத்துச் சந்தோஷப்படலாம். அடுத்து, தினமும் பால் கொண்டுவருபவர் புது வண்டி வாங்கியதை. அப்புறம்தான் சித்தப்பா மகன். அவன் எத்தனை வருடம் இஎம்ஐ கட்டப்போகிறான் என்று கணக்குப் போடுவது ஆறுதலாக இருக்கலாம். ஆனால், அது முதிதை ஆகாது.

கிரகப்பிரவேசத்துக்குப் போய், மனதார வாழ்த்தி, வயிறார விருந்து சாப்பிட்டுத் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது, ஈரக்கறையோடு இருக்கும் அந்த வாடகை வீடு மறுபடியும் நல்ல வீடாகத் தெரிந்தால், பயிற்சி பலித்துவிட்டது.