சிறுநீரக நோயாளி பார்லி கேட்டால்...

நம் மளிகைக் கடைகளில் பார்லி அரிசி வேகமாக ஓடும் சரக்கு அன்று. கோடையில் சிலர் கேட்பார்கள். மற்றபடி, "கிட்னிக்கு நல்லதாமே, கால் கிலோ கொடுங்கள்" என்று வருகிறவர்கள்தாம். நாமும் நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். கடைக்காரர் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் நம் சொல்லை நம்புகிறார். ஆகவே சரக்கின் குணம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரகக் கல் வேறு, சிறுநீரகம் செயலிழப்பது வேறு. கல் உள்ளவரை டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். பார்லித் தண்ணீரும் அதில் சேர்த்தி. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ பெரும்பாலும் நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு இருக்கும். பார்லித் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும். மேலும், தானியம் வேகும்போது அதிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அதற்காகப் பார்லியை விலக்கவேண்டிய சரக்கு என்று சொல்லிவிட முடியாது. தீட்டிய பார்லி 100 கிராமில் பொட்டாசியம் ஏறக்குறைய 280 மில்லிகிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் 115 அளவுதான். கேழ்வரகிலோ 400-க்கு மேல். முழுத் தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற உருவில் கட்டுண்டு கிடப்பதால் உடலில் முழுவதும் சேர்வதில்லை. பாக்கெட் உணவுகளில் கலக்கும் பாஸ்பேட் உப்புகள்தாம் ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடுகின்றன. எனவே பார்லியை வேகவைத்து, நீரை வடித்து, அளவாக உண்ணலாமா என்பதை நோயாளியின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

நமக்குக் கவலை தருவது சத்துமாவு. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபின் இதற்கு நல்ல கிராக்கி. பயறு, வேர்க்கடலை, முந்திரி எல்லாம் அரைத்துச் சேர்த்த மாவு சாதாரண மனிதருக்குச் சத்து. சிறுநீரக நோயாளிக்குப் புரதமும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஒரே டம்ளரில். இவர்களுக்கு நம் சேலத்து ஜவ்வரிசி பெரும்பாலும் தோதானது. மரவள்ளி மாவுப் பண்டம் என்பதால் இம்மூன்றும் அதில் மிகக் குறைவு. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் மட்டும் ஜவ்வரிசியில் எச்சரிக்கை வேண்டும்.

உப்பு அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். இத்தகைய உப்பைப் பற்றி 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை வெளியிட்டபோது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று தெளிவாகவே கூறியது. அந்தப் பாக்கெட்டைச் சாதாரண உப்போடு கலந்து அடுக்காமல் தனியே வைப்போம். கேட்பவர் சிறுநீரக நோயாளி என்று தெரிந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து வாங்கச் சொல்வோம்.