கூர்நோக்கு இல்லத்தில் இரவுப் பணி: ‘போதுமான பணியாளர்கள்’ என்பதன் கணக்கு

சட்டத்துடன் முரண்பட்ட சிறார் தங்கவைக்கப்படும் இல்லங்கள் உட்பட, குழந்தைகள் வசிக்கும் எல்லா நிறுவனங்களையும் ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது நேரில் சென்று பார்த்தாக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு கெடு விதித்திருக்கிறது. காலாண்டு முடியும் தறுவாயில் இந்த ஆய்வுகள் குறித்த செய்திகள் வெளிவரும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் இரண்டு குழப்பங்கள் தென்படுகின்றன. ஆய்வு செய்பவர் யார், மேற்பார்வை செய்பவர் யார் என்பது ஒன்று. ‘இல்லத்தில் போதுமான பணியாளர்கள் உள்ளனர்’ என்ற அதிகாரபூர்வ விளக்கத்துக்கு என்ன பொருள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாவதற்கு விடை காணப் பணியாளர் பட்டியலை மணிநேரக் கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது; அவ்வாறு பார்க்கும்போது கிடைக்கும் விடை கவலை தருவதாக உள்ளது.

ஆய்வு வேறு, மேற்பார்வை வேறு

ஆய்வுக் குழுவில் மூன்று பேருக்குக் குறையாமல் செல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் அறிக்கை தரப்பட வேண்டும். அதன்மீது ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். 2021ஆம் ஆண்டின் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தப் பொறுப்பின் மையத்தில் மாவட்ட ஆட்சியர் இருக்கிறார். இது தவிர, ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம் மாதம் ஒருமுறையாவது இந்த இல்லங்களைப் பார்வையிட வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. தமிழ்நாட்டின் ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது தொடர்பாக எழுந்து நாடு முழுமைக்கும் விரிந்த வழக்கில், 2017 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆய்வுக் குழுக்களை அமைக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, சட்டம் சொன்னது தானாக நடந்துவிடவில்லை என்பது விளங்கும்.

இவை அனைத்தும் வருகைகள். முப்பது நாள் மாதத்தில் 720 மணிநேரம் இருக்கின்றன. ஆய்வாளர்கள் எவ்வளவு அக்கறையுடன் வந்தாலும் அவற்றில் சில மணிநேரத்தை மட்டுமே நிரப்ப முடியும். எஞ்சிய நேரம் முழுவதும் சிறாரோடு இருப்பவர்கள் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், இல்லத் தந்தை, காவலர் ஆகியோரே. மேற்பார்வை என்பது இவர்கள் சிறாரைக் கவனிப்பதையும், இவர்களை இவர்களின் மேலதிகாரிகள் கவனிப்பதையும் சேர்த்தே குறிக்கும்.

கூர்நோக்கு இல்லம் என்பதை, விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தில் சிறாரைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு, பராமரித்து, மறுவாழ்வுக்கு வழிசெய்யும் இடம் என்று சட்டம் வரையறுக்கிறது. ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கட்டடமும் பூட்டும் இருந்தால் போதும். பராமரிப்பதற்கு ஆள் வேண்டும். வரையறையின் முதல் சொல் நிறைவேறியதைக் காட்டி மற்ற இரண்டும் நிறைவேறியதாகச் சொல்லப்படும் விளக்கங்களை அப்படியே ஏற்பதற்கில்லை.

பட்டியலில் இருபத்தைந்து பேர்

மத்திய அரசு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரி விதிகள், மாநிலங்கள் தத்தம் விதிகளை வகுப்பதற்கு முன்மாதிரியாக அமைந்தவை. தமிழ்நாடு தன் விதிகளை 2017ஆம் ஆண்டில் வகுத்துக்கொண்டது. அந்த மாதிரி விதிகள் 100 சிறார் தங்கும் இல்லத்துக்கு 25 பணியிடங்களைப் பரிந்துரைக்கின்றன. நான்கு பேருக்கு ஒரு பணியாளர் என்ற இந்த விகிதம் முதல் பார்வைக்குத் தாராளமானதாகவே தோன்றும். ஆனால் அந்த 25 பேரில் சமையலர், உதவியாளர், துப்புரவாளர், ஓட்டுநர், பண்டகக் காப்பாளர், பகுதிநேரத் தோட்டக்காரர், பகுதிநேர யோகா பயிற்றுநர், அழைத்தால் வரும் மருத்துவர் ஆகிய அனைவரும் அடங்குவர். சிறாரோடு இரவும் பகலும் உடனிருந்து, அவர்கள் எழுவதிலிருந்து உறங்குவதுவரை பார்த்துக்கொள்ளும் பொறுப்புடைய இல்லத் தந்தை அல்லது இல்லத் தாய் பணியிடங்கள் நான்கு மட்டுமே.

இந்த நான்கு என்ற எண் எப்படிச் சுருங்குகிறது என்பதே இக்கட்டுரையின் மையம். வாரத்துக்கு 168 மணிநேரம். ஒருவர் நாளுக்கு எட்டு மணிநேரமாக வாரத்தில் ஆறு நாள் பணிபுரிந்தால் 48 மணிநேரம் கிடைக்கும். நான்கு பேரும் சேர்ந்து தருவது 192 மணிநேரம். அதாவது, யாரும் விடுப்பு எடுக்காமல், யாரும் நோயுறாமல், நான்கு இடங்களும் நிரப்பப்பட்டிருந்தால்கூட, எந்த ஒரு மணிநேரத்திலும் பணியில் இருப்பவர் சராசரியாக ஒருவருக்குச் சற்றே கூடுதல். நால்வரில் ஒருவர் விடுப்பில் சென்றுவிட்டாலோ, ஓர் இடம் காலியாக இருந்தாலோ, மீதி மூவரின் 144 மணிநேரம் வாரத்தின் 168 மணிநேரத்தை எட்டாது. முழுதாக ஒரு நாள் அளவுக்கான 24 மணிநேரம் ஆளின்றி நிற்கும். அந்த இடைவெளியை ஒருவரை இரட்டைப் பணியில் நிறுத்தியோ, வாயிற்காவலரை உள்ளே அனுப்பியோ அடைப்பதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழி இருக்காது. காவலர்களைப் பொறுத்தவரை, ‘போதுமான’ எண்ணிக்கையில் அமர்த்த வேண்டும் என்று மட்டுமே விதிகள் கூறுகின்றன. போதுமானது எது என்பதை எண்ணால் சொல்லவில்லை.

நன்னடத்தை அலுவலர் மூவரும் ஆற்றுப்படுத்துநர் இருவரும் இருக்கிறார்களே என்று கேட்கப்படலாம். அவர்கள் வேலை பகல் வேலை. குழுமத்துக்குச் சமூகப் புலனாய்வு அறிக்கை எழுதுவதும், குடும்பத்தைச் சந்திப்பதும், சிறுவரிடம் தனித்துப் பேசுவதும் அவர்களின் கடமைகள். மாலை அவர்கள் வீடு திரும்பிய பின் 100 சிறாருக்கு ஒருவர் என்ற நிலை வருமானால், அந்த ஒருவரிடம் எஞ்சியிருப்பவை பூட்டும் அச்சமும்தான். சண்டையை விலக்கப் போனால் மற்ற அறைகள் கவனிப்பாரற்றுப் போகும். ஒரு சிறுவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் இல்லமே கவனிப்பாரற்றுப் போகும். ஆகவே அறைகளைப் பூட்டிவைப்பதும், வலிமை மிக்க மூத்த சிறுவர்களிடம் ஒழுங்கை ஒப்படைத்துவிடுவதும், அடிப்பதும் குறுக்கு வழிகளாக முளைக்கின்றன. தனிமனிதரின் கொடூரத்தை மன்னிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. அந்தக் கொடூரத்துக்கு இடமளிக்கும் பணி அட்டவணையை வகுத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதற்காகவே சொல்லப்படுகிறது.

அமெரிக்காவில் எண்ணும் முறை

ஆட்களை எண்ணுவதில் இதற்கு நேர்மாறான வழியை அமெரிக்கா கையாண்டிருக்கிறது. சிறைகளில் பாலியல் வன்முறையை ஒழிப்பதற்காக 2003ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், நீதித் துறை 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட தரநெறிகள், பாதுகாப்பு மிக்க சிறார் தடுப்பு இல்லங்களில் சிறார் விழித்திருக்கும் நேரத்தில் எட்டுப் பேருக்கு ஒருவரும், உறங்கும் நேரத்தில் பதினாறு பேருக்கு ஒருவரும் பணியில் இருக்க வேண்டும் என்று விதித்தன. இதை எட்ட 2017 அக்டோபர் 1 வரை அவகாசம் தரப்பட்டது. இந்த விதியின் நுட்பம் எண்ணைவிட எண்ணும் முறையில் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் கணக்கில் வருவதில்லை. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களே வருவர். சமையலரும் ஆசிரியரும் கணக்கில் சேர மாட்டார்கள். சிறாரை மேற்பார்வையிடுவதையே முதன்மைப் பணியாகக் கொண்டவர்கள் மட்டுமே சேர்வர். நெருக்கடியால் விகிதம் குறைந்தால், ஏன் குறைந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும்.

நூறு சிறாருக்கு இந்த விகிதத்தைப் பொருத்தினால், எட்டு மணிநேர உறக்கம் என்று கொள்ளும்போது, பகலில் 13 பேரும் இரவில் ஏழு பேரும் தேவைப்படுவர். வாரக் கணக்கில் இது 1,848 மணிநேரம்; இந்திய முறையில் ஒருவருக்கு 48 மணிநேரம் என்று வகுத்தால் 39 பேர். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் முப்பத்தொன்பது. காவலர்களை நான்குடன் சேர்த்தாலும் இந்த இடைவெளி எளிதில் மூடிவிடக் கூடியதன்று.

அமெரிக்க ஏற்பாட்டையும் கேள்வியின்றி ஏற்க வேண்டியதில்லை. சிறாரைக் கல்விக்கோ வேலைக்கோ வெளியே அனுப்பும் இல்லங்கள் பொதுவாகப் ‘பாதுகாப்பு மிக்கவை’ என்ற வரையறைக்குள் வருவதில்லையாதலால், அவற்றுக்கு இந்த விகிதம் பொருந்தாது. தரநெறிகளைப் பின்பற்றாத மாநிலம் இழக்கக்கூடியது, குறிப்பிட்ட சில நீதித் துறை மானியங்களில் ஐந்து விழுக்காடு மட்டுமே. ஆபத்து மிகுந்த இரவு நேரத்துக்குப் பகலில் பாதி ஆட்கள் போதும் என்பதும் விவாதத்துக்குரியதே. சிறார் தடுப்புக் காவல் குறித்து 1990ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற விதிகள், உறங்கும் இடங்கள் அனைத்தையும் இரவில் தொடர்ந்து, உறுத்தலின்றிக் கவனிக்க வேண்டும் என்று தனியே வலியுறுத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கவனிப்பவரைக் கவனிப்பது

ஆட்களைக் கூட்டினால் மட்டும் தீருமா என்ற கேள்விக்கும் அமெரிக்காவின் அனுபவமே விடை தருகிறது. அங்கே காவலில் இருந்த சிறாரிடம் 2012ஆம் ஆண்டில் அரசு நடத்திய கணக்கெடுப்பில் 9.5 விழுக்காட்டினரும், 2018ஆம் ஆண்டில் 7.1 விழுக்காட்டினரும் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். இரண்டு கணக்கெடுப்பிலும் பணியாளரைக் குறிப்பிட்டவர்கள், சக சிறாரைக் குறிப்பிட்டவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2018இல் முறையே 5.8 விழுக்காடும் 1.9 விழுக்காடும். எனவேதான் அதே தரநெறிகள், மேலதிகாரிகள் பகல் பணியிலும் இரவுப் பணியிலும் முன்னறிவிப்பின்றிச் சுற்றிவர வேண்டும் என்றும், அவர்கள் வருவதைப் பணியாளர் ஒருவர் மற்றவருக்கு முன்கூட்டித் தெரிவிப்பது தடைசெய்யப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றன. திடீர் வருகை என்று பெயரிட்டுவிட்டு வாயிலிலிருந்து தொலைபேசியில் செய்தி பறக்கும் நடைமுறையை ஒரு சட்டவிதியே முன்னுணர்ந்து தடுத்திருப்பது பின்பற்றத் தக்கது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைவான செய்தியன்று. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டில் உள்ள அரசு இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒரு நாள் இடைவெளியில் உயிரிழந்தான். தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு அங்கே பணியாற்றிய ஆறு பேர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டனர். அதன் பின் இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை மாநில அரசு அமைத்தது. குழு அறிக்கையும் அளித்தது. மாதாந்தர வருகையும் காலாண்டு ஆய்வும் சட்டத்தில் இருந்தபோதுதான், இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட ஒரு நாளில், அந்தச் சிறுவன் இறந்தான். கண்காணிப்புக் கருவிகள் இத்தகைய குற்றங்களுக்குச் சான்று தரக்கூடும். நடக்கும் நேரத்தில் தடுப்பதற்கு விழித்திருக்கும் இரண்டாவது மனிதர் வேண்டும்.

சுருக்கமான பிற கேள்விகள்

சிறாரைக் காவல் நிலையப் பூட்டறையிலோ சிறையிலோ வைக்கலாமா? எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு.

விசாரணை எவ்வளவு காலம் நீளலாம்? நான்கு மாதம், அவசியமெனில் மேலும் இரண்டு மாதம்.

பணியாளர் அடித்தால் தண்டனை என்ன? 82ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ, பணிநீக்கமும் உண்டு. கொடுமை இழைத்ததாக 75ஆம் பிரிவின் கீழ் மெய்ப்பிக்கப்பட்டால், நிறுவனப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

காவலர் தடி வைத்திருக்கலாமா? மாதிரி விதிகளின்படி கூடாது.

சிறாரின் குரலுக்கு இடம் உண்டா? ஆறு வயதுக்கு மேற்பட்டோர் தங்கும் ஒவ்வோர் இல்லத்திலும் சிறார் குழு அமைய வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு.

வெளியிலிருந்து புகார் தருவது எப்படி? 1098 என்ற உதவி எண்ணிலோ இளைஞர் நீதிக் குழுமத்திலோ தரலாம். சிறாரின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்களில் வெளியிடுவது குற்றம்.

இந்தக் காலாண்டு அறிக்கையில் எதைத் தேட வேண்டும்? ஆய்வுக் குழு தானே தேர்ந்தெடுத்த ஓர் இரவில், அதிகாலை இரண்டு மணிக்கு, இல்லத்தில் எத்தனை சிறார் இருந்தனர், உறங்கும் கூடத்தில் எத்தனை பணியாளர் இருந்தனர், அவர்கள் அதற்கு முன் எத்தனை மணிநேரம் தொடர்ந்து பணியில் இருந்தனர், அந்த இரவில் மேலதிகாரி யாரேனும் வந்தாரா என்ற நான்கு விவரங்களை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே கிடைக்கக்கூடிய இவற்றில் எந்தச் சிறாரின் அடையாளமும் இல்லை. எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமக்கள் எவரும் கேட்கலாம். இந்த நான்கும் இல்லாமல் ‘போதுமான பணியாளர்கள் உள்ளனர்’ என்று மட்டும் கூறும் அறிக்கையை மாவட்ட ஆட்சியர் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.